குட்டியைத் தூக்குமுன் கடிகாரத்தைப் பாருங்கள்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை. காலைச் சபைகூடல் முடிந்ததும் படிவம் 2 மாணவி ஒருத்தி அறிவியல் கூடத்துக்கு வெளியே ஒரு சப்பாத்துப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். மூடியில் பென்சிலால் குத்திய ஓட்டைகள். "டீச்சர், இதோட அம்மா இத விட்டுட்டுப் போயிடுச்சு" என்றாள். உள்ளே என் உள்ளங்கையில் அடங்கும் அளவுக்கு ஒரு பூனைக்குட்டி. கண்கள் அப்போதுதான் திறந்திருந்தன. காதுகள் இன்னும் நிமிரவில்லை. அப்படியென்றால் வயது ஏறக்குறைய இரண்டு வாரம். ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டுக்குப் பின்னால் கால்வாய் ஓரத்தில் எடுத்திருக்கிறாள். இரவெல்லாம் விழித்திருந்து, நாம் குடிக்கும் பெட்டிப் பாலைப் பஞ்சில் நனைத்துக் கொடுத்திருக்கிறாள்.

தொட்டுப் பார்த்தேன். குட்டி சில்லென்று இருந்தது. அடுத்து நான் செய்ததை மறைக்க விரும்பவில்லை. கூடத்தின் குளிர்சாதனத்தைக்கூட அணைக்காமல், ஆசிரியர் அறைக்கு ஓடிப்போய் இன்னும் கொஞ்சம் பால் கொண்டுவந்து கொடுத்தேன். அறிவியல் ஆசிரியர் ஒருவர் செய்திருக்கக் கூடாத தவறு அது. பிற்பகல் பள்ளி முடிவதற்குள் குட்டி இறந்துவிட்டது.

அந்த மாணவி அழவில்லை. "நான் எடுக்காம விட்டிருந்தா செத்திருக்குமா டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள். "நீ நல்லதுதான் நினைச்ச" என்று சொல்லி மழுப்பிவிட்டேன். அவள் கேட்டது அதுவல்ல. அவளுக்கு நான் தர வேண்டியிருந்த பதிலை இப்போது எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சில்லிப்பை எடுத்துக்கொள்வோம். பிறந்த பூனைக்குட்டியால் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள முடியாது. முதல் வாரத்தில் அதற்கு நடுங்கக்கூடத் தெரியாது. தாயின் வயிறும் உடன்பிறந்தவற்றின் உடம்பும்தான் அதன் அடுப்பு. ஏறக்குறைய நான்கு வாரம் வரை இந்த நிலை தொடர்கிறது. உடல் குளிர்ந்தால் குடலின் அசைவும் மெதுவாகிவிடும். அந்நேரம் பால் ஊற்றினால் செரிக்காமல் தேங்கும். விழுங்கும் வலுவில்லாத குட்டிக்குப் பால் நுரையீரலுக்குள்ளும் போய்விடலாம். ஆகவே குளிர்ந்த குட்டிக்கு முதல் உதவி வெப்பம்தான்: துண்டில் சுற்றிய வெந்நீர்ப் போத்தல், அல்லது உங்கள் சட்டைக்குள் உங்கள் உடம்பு. பால் அதற்குப் பிறகு. அதுவும் பசும்பால் வேண்டாம். பூனையின் பாலோடு ஒப்பிட்டால் பசும்பாலில் புரதமும் கொழுப்பும் குறைவு. வயிற்றுப்போக்கும் வரும். இவ்வளவு சிறிய உடலுக்கு ஒருநாள் வயிற்றுப்போக்கே போதும், நீரிழப்பில் போய்விடும். செல்லப்பிராணிக் கடைகளில் பூனைக்குட்டிக்கென்றே பால்மாவு கிடைக்கிறது. கொடுக்கும்போது குட்டியைக் குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்க வைக்காமல், வயிறு கீழே இருக்கும்படி பிடிக்க வேண்டும்.

இனி அவளுடைய கேள்வி. தாய் உண்மையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. பாலூட்டும் தாய்க்குப் பசி அதிகம். இரை தேடப் போனால் சில மணி நேரம் கழித்துத்தான் வரும். இடம் பாதுகாப்பில்லை என்று தோன்றினால் குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி வேறிடத்துக்கு மாற்றும். அப்படி மாற்றிக்கொண்டிருக்கும்போது நீங்கள் பார்த்தால், ஒரே ஒரு குட்டி 'அநாதையாக' கிடப்பது போலத்தான் தெரியும். நீங்கள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தால் அது திரும்பி வராது. ஆளைக் கண்டு பதுங்கியிருக்கும். "மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும்" என்று சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். தொட்டுவிட்ட குட்டியை எடுத்த இடத்திலேயே வைக்கலாம்.

குட்டியே தடயம் தரும். உடல் சுத்தமாக, வயிறு உருண்டையாக, அமைதியாகத் தூங்கினால் தாய் வந்துபோகிறது. அழுக்காக, ஒடுங்கிய வயிற்றோடு, நிறுத்தாமல் கத்திக்கொண்டே இருந்தால்தான் கவலை. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் குட்டி கிடக்கும் இடத்தைச் சுற்றிக் கொஞ்சம் கோதுமை மாவைத் தூவிவிட்டு வாருங்கள். சில மணி நேரம் கழித்து மாவில் பாதத்தடம் இருந்தால் தாய் வந்திருக்கிறது. உங்கள் பாடநூலில் 'உற்றறிதல்' என்று ஒரு செயற்பாங்குத் திறன் இருக்கிறதே, அது சோதனைக் குழாய்களுக்கு மட்டும் உரியதல்ல.

அந்த ஞாயிற்றுக்கிழமை யாரும் காத்திருந்து பார்க்கவில்லை. குட்டி கொழுகொழுவென்றுதான் இருந்தது, சுத்தமாகவும் இருந்தது. எனவே என் பதில்: பெரும்பாலும் அது அன்று இறந்திருக்காது. அவள் கெட்ட பிள்ளை இல்லை. அவளுக்கு அதைச் சொல்லித்தர யாரும் இல்லை. நானும் சொல்லித்தந்திருக்கவில்லை.

சரி, எடுக்கவே கூடாதா? எடுக்கலாம். எப்போது என்பதுதான் கேள்வி. அதற்கு முன் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் ஊரில் தெருவில் இருப்பதெல்லாம் 'தெருப்பூனை'தான். ஆனால் மாமாக் கடையில் மேசைக்கு மேசை வந்து காலில் உரசி மீன் கேட்கிறதே, அது மனிதரோடு வளர்ந்த பூனை, அல்லது மனிதரைப் பழகிக்கொண்ட பூனை. இன்னொரு வகை இருக்கிறது. பின்சந்தில் குப்பைத் தொட்டிக்கு அடியில் இரண்டு கண்கள் மட்டும் மின்னும். நீங்கள் ஓர் அடி வைத்தால் அது பத்து அடி ஓடும். அதற்கு மனிதன் என்றால் வேட்டை விலங்கு. இனம் ஒன்றே, உடலும் ஒன்றே. வேறுபாடு அதன் முதல் சில வாரங்களில் நடந்ததில், அல்லது நடக்காததில் இருக்கிறது.

அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் எய்லீன் கார்ஷ் என்ற ஆய்வாளர் 1980-களில் இதைச் சோதித்தார். வெவ்வேறு வயதில் குட்டிகளைக் கையிலெடுத்துப் பழக்கி, பிறகு அவை மனிதரிடம் எப்படி நடந்துகொள்கின்றன என்று அளந்தார். இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை மனிதக் கையில் இருந்த குட்டிகளே பிறகு மனிதரை எளிதாக நாடின. நாளுக்கு 15 நிமிடம் கையிலிருந்தவற்றைவிட 40 நிமிடம் இருந்தவை அதிகமாக நாடின. அந்தச் சன்னல் திறந்திருக்கும் காலத்தில் குட்டியின் மூளை, 'இவை எல்லாம் என் உலகத்தில் உள்ளவை' என்று ஒரு பட்டியல் போட்டுக்கொள்கிறது எனலாம். பிறகு புதியவற்றைப் பற்றிய அச்சம் வளர்ந்துவிடுகிறது. பட்டியலில் இல்லாதது எல்லாம் ஆபத்து.

மரபும் சேர்ந்துகொள்கிறது. சாண்ட்ரா மெக்கூன் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், துணிச்சலும் நட்புக் குணமும் உள்ள ஆண் பூனைக்குப் பிறந்த குட்டிகள், அந்தத் தந்தையைப் பார்க்காமலே வளர்ந்தபோதும், புதியவற்றைத் துணிந்து அணுகின. ஒரே நாளில் எடுத்த இரண்டு குட்டிகளில் ஒன்று ஒரு வாரத்தில் மடியில் ஏறுவதும் மற்றொன்று ஒரு மாதம் சீறுவதும் வளர்ப்பவரின் குற்றமாக இருக்க வேண்டியதில்லை.

ஆக, மிகச் சின்னக் குட்டிக்குத் தாய் வேண்டும். ரொம்ப வளர்ந்துவிட்டால் மனிதரை ஏற்காது. இடையில் ஐந்தாம் ஆறாம் வாரம்தான் எடுப்பதற்கு நல்ல நேரம் என்பது என் கருத்து. அந்த வயதில் குட்டி மென்று தின்னத் தொடங்கியிருக்கும், சன்னலும் மூடியிருக்காது. வயதை எப்படி அறிவது? கண் ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் திறக்கும். முன்பற்கள் மூன்றாம் வாரம் வாக்கில் எட்டிப் பார்க்கும், கோரைப்பற்கள் அதைத் தொடர்ந்து வரும். பின்பக்கத்து முன்கடைவாய்ப் பற்கள் தெரிந்தால் ஆறு வாரத்தை நெருங்கிவிட்டது என்று பொருள். கண்ணின் குழந்தை நீலம் மாறத் தொடங்குவதும் அந்த நேரத்தில்தான். சமையலறைத் தராசும் உதவும். நன்றாக வளரும் குட்டி ஒரு மாதத்தில் ஏறக்குறைய 450 கிராம், இரண்டு மாதத்தில் 900 கிராம் இருக்கும்.

கடந்த ஆண்டு தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது எங்கள் பின்சந்தில் இந்தக் கணக்கையெல்லாம் போட்டுக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டு மக்சிக் வெளியே போட்ட பழைய சலவை இயந்திரத்துக்குள் ஒரு பெண் பூனை மூன்று குட்டி போட்டிருந்தது. மக்சிக் நாள்தோறும் சோற்றில் மீன் பிசைந்து வைப்பார். ஆனால் அவரையும் அது நெருங்கவிடாது. "எடுத்துக்கொண்டு போயேன் சிக்கு, பாவம்" என்று மலாயில் இரண்டு முறை சொன்னார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய சப்பாத்துப் பெட்டி மனத்தில் இருந்தது.

ஒரு குட்டி காணாமல் போனது. என்ன ஆனதென்று தெரியவில்லை. பிறகு கறுப்புக் குட்டிக்குக் கண்ணில் பீளை கட்டி, மூக்கு ஒழுக ஆரம்பித்தது. பூனைச் சளிக்காய்ச்சல். அதற்குமேல் காத்திருப்பதில் பொருளில்லை. துண்டைப் போர்த்தித் தூக்கினேன். கையுறையைத் தாண்டி ஒரு கடி கிடைத்தது. (அந்தக் கடியைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.) விலங்கு மருத்துவர் பல்லைப் பார்த்து ஆறு வாரம் என்றார். எடை 560 கிராம். வயதுக்குக் குறைவு. கண்ணுக்கு மருந்தும் குடற்புழு மருந்தும் கொடுத்தார். அம்மா அதற்கு மிளகு என்று பேர் வைத்தார். பூனை குறுக்கே போனால் ஐந்து நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பும் அம்மாதான்!

மிளகைப் பின்னறையில் வைத்தோம். முழு வீட்டையும் திறந்துவிட்டால் ஏதாவது அலமாரிக்குப் பின்னால் போய் ஒளிந்து, உங்களைப் பார்க்கும் வாய்ப்பே இல்லாமல் போய்விடும். சின்ன அறை, ஒளிய ஓர் அட்டைப்பெட்டி, மண் தட்டு, தண்ணீர். அவ்வளவுதான். அறைக்குள் போனதும் சீறியது. முதுகு வில்லாக வளைந்தது, வால் முடி பாட்டில் கழுவும் தூரிகையாக நின்றது, கண்பாவை கறுப்பு வட்டமாக விரிந்தது. படிவம் 4, 5-இல் உயிரியல் எடுப்பவர்களுக்கு இது தெரிந்த காட்சி. சிறுநீரகத்துக்கு மேலிருக்கும் சுரப்பி அட்ரினலினை ஊற்றுகிறது, இதயம் வேகமெடுக்கிறது, முடியின் அடியிலிருக்கும் சிறு தசைகள் இறுகுகின்றன. நமக்கு மயிர்க்கூச்செறிவதும் இதே தசைகளால்தான். பார்க்கக் கோபம் போலிருக்கும். உள்ளே நடப்பது பயம். சீறும் குட்டியைத் திட்டுகிறவர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் பின்னறைத் தரை ஓடுகள் ஒவ்வொன்றும் 30 சென்டிமீட்டர். அதைத்தான் அளவுகோலாக வைத்துக்கொண்டேன். நாள்தோறும் இரவு எட்டு மணிக்கு, உட்கார்ந்த நிலையில் மெதுவாக நகர்ந்து, எத்தனை ஓடு தூரத்தில் சீறுகிறதோ அதைக் குறித்தேன். சீறியவுடன் ஓர் ஓடு பின்வாங்கி, கரண்டியால் டின்னை மூன்று தட்டுத் தட்டி, உணவை நகர்த்திவிட்டு, புத்தகம் ஒன்றை வாய்விட்டுப் படிப்பேன். (படிவம் 1 சோதனைத்தாளைத்தான் பாதி நாள் படித்தேன். மிளகுக்கு ஆட்சேபம் இல்லை.) முதல் நாள் ஐந்து ஓடு. இரண்டாம் நாளும் ஐந்து. மூன்றாம் நாள் நான்கு. ஐந்தாம் நாள் மூன்று. எட்டாம் நாளில் டின் சத்தம் கேட்டவுடன் அதுவே பெட்டியிலிருந்து வந்தது. ஒரே ஓர் ஓடு தூரம்.

இதில் இரண்டு வகைக் கற்றல் நடக்கிறது. ஆபத்து எதுவும் வராத தூண்டல் திரும்பத் திரும்ப வந்தால் துலங்கல் தேய்ந்துபோகும். என் உருவத்துக்கு அது பழகியது இப்படித்தான். டின் சத்தம் வேறு கதை. எந்தப் பொருளும் இல்லாத ஓர் ஒலி, உணவோடு சேர்ந்து சேர்ந்து, உணவின் முன்னறிவிப்பாகிவிட்டது. பாவ்லோவின் நாய்கள் உங்களுக்கு நினைவு வரும். நான் இதில் சேர்க்க விரும்புவது ஒன்று: அது உண்ணும்போது யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவரும் அந்த முன்னறிவிப்பில் ஒரு பகுதியாகிவிடுகிறார். பட்டினி போட்டுப் பழக்கு என்று சிலர் சொல்வதுண்டு. ஆறு வாரக் குட்டியைப் பட்டினி போடக்கூடாது. நான்கு வேளை உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாலே போதும்.

பிறகு தீபாவளி வந்தது. எங்கள் தாமானில் முன்னிரவே வெடிச்சத்தம் தொடங்கிவிடும். நான் அதை யோசிக்கவே இல்லை. முறுக்குச் சுடுவதில் இருந்தேன். ஒன்பது மணிக்குப் பார்த்தால் அறையில் மிளகைக் காணவில்லை. பழைய மேசையின் இழுப்பறைக்குப் பின்னால் தன்னைத் திணித்துக்கொண்டு இருந்தது. மறுநாள் முழுவதும் உண்ணவில்லை. இரவு எட்டு மணி அளவு: ஐந்து ஓடு. எட்டு நாள் உழைப்பு ஓர் இரவில் போனது.

வெடி திரும்பத் திரும்பத்தானே கேட்டது, அதற்கு ஏன் பழகவில்லை என்று என் வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. தூண்டல் மென்மையாக, தாங்கக்கூடிய அளவில் இருந்தால் துலங்கல் குறையும். தாங்க முடியாத வலிமையோடு வந்தால் துலங்கல் கூடும், அதற்குப் பிறகு சின்னச் சத்தத்துக்கும் அதிரும். மிளகு அந்த வாரம் முழுக்க கதவின் தாழ்ப்பாள் ஒலிக்கே துள்ளியது. ஒரே விலங்கு, ஒரே மூளை. அளவு மாறினால் கற்கும் பாடமே மாறிவிடுகிறது.

இதனால்தான் சமூக ஊடகங்களில் வரும் சில காணொளிகள் எனக்குப் பிடிப்பதில்லை. சீறும் குட்டியைத் துண்டில் இறுகச் சுற்றி, அது அடங்கும்வரை பிடித்துத் தடவி, கடைசியில் அசையாமல் கிடப்பதைக் காட்டி, "பாருங்கள், அன்பு வென்றது" என்று பாட்டுப் போடுகிறார்கள். அசையாமல் கிடப்பது நிம்மதியாகவும் இருக்கலாம், பயத்தில் உறைந்துபோனதாகவும் இருக்கலாம். தப்பிக்க வழியில்லாத விலங்கு உறைந்துபோவது தெரிந்த துலங்கல்தான். காது பின்னால் ஒட்டியிருக்கிறதா, கண்பாவை விரிந்திருக்கிறதா, விட்டவுடன் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். விட்ட பிறகும் அது உங்கள் அருகிலேயே நின்றால்தான் பழகியிருக்கிறது என்பேன். ஆறு வாரத்துக்கும் குறைந்த குட்டியைத் துண்டில் வைத்து மடியில் கொஞ்ச நேரம் வைத்திருப்பது பலருக்கு நன்றாகவே பலன் தருகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் பத்து வாரக் குட்டியிடம் அதே உத்தியைக் காட்டினால் மருத்துவமனைச் செலவுதான் மிஞ்சும்.

மிளகிடம் மீண்டும் தொடங்கினேன். இந்த முறை மூன்று ஓட்டை எட்ட மூன்று நாளே ஆனது. ஒருமுறை கற்றதை இரண்டாம் முறை விரைவில் கற்கிறது. பதினைந்தாம் நாள் கரண்டியிலிருந்து தின்றது. பத்தொன்பதாம் நாள், அது தின்னும்போது ஒரு விரலால் கன்னத்தைத் தொட்டேன். தலைக்கு மேலிருந்து கை வரக்கூடாது. மேலிருந்து வருவது பருந்தின் வேலை. நேராகக் கண்ணை உற்றுப் பார்க்கவும் கூடாது. மாறாக, கண்ணைப் பாதி மூடி மெதுவாகச் சிமிட்டினால் பூனைகளும் பதிலுக்குச் சிமிட்டுவதும், அப்படிச் சிமிட்டியவரை அதிகம் நெருங்கி வருவதும் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2020-இல் வெளியிட்ட ஆய்வில் தெரிந்தது. அந்த ஆய்வு செய்யப்பட்டது மனிதரோடு வாழும் பூனைகளிடம். பழகாத குட்டியிடமும் பலிக்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. நான் சிமிட்டினேன். மிளகு கொட்டாவி விட்டது.

இருபத்தாறாம் நாள் மடியில் ஏறி, தொண்டைக்குள் 'கர்ர்' என்ற அந்த ஒலியை எழுப்பியது. என் மடியில் இல்லை, அம்மாவின் மடியில். நான் பள்ளியில் இருக்கும் நேரத்தில் மதிய உணவு வைத்தது அம்மாதானே! குரல்வளைத் தசைகள் படபடவென்று துடிப்பதால், மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் வரும் ஒலி அது. வலியிலும் பூனைகள் அப்படி ஒலிப்பதுண்டு. அதனால் அதை மட்டும் வைத்து மகிழ்ச்சி என்று முடிவு செய்யாதீர்கள். அம்மாவுக்கு இந்த விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை.

நான் விட்ட இன்னொரு பிழை மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. பினாங்கிலிருந்து என் அண்ணன் வந்தபோது மிளகு ஓடி ஒளிந்தது, அவர் போகும்வரை வரவில்லை. அது பழகியது எங்கள் இரண்டு பேருக்குத்தான், பொதுவாக மனிதருக்கு அல்ல. ஒரே ஒருவர் கையில் வளர்ந்த குட்டிகளைவிட ஐந்து பேர் மாறி மாறிக் கையாண்ட குட்டிகள் அந்நியருக்குக் குறைவாகவே அஞ்சின என்று 1967-இலேயே ஓர் ஆய்வு வந்திருக்கிறது. படித்திருந்தேன். செய்யவில்லை. உங்கள் வீட்டில் குட்டி இருந்தால் தாத்தா, தம்பி, கண்ணாடி போட்டவர், குரல் கனத்தவர் என்று எல்லோரையும் உட்கார வையுங்கள்.

இப்போது அந்தக் கடி. பூனைப் பல் ஊசி போல. துளை சிறியது, உள்ளே போகும் கிருமி ஆழத்தில் தங்கும். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே கிளினிக்குக்குப் போனேன். நீங்களும் பெற்றோரிடம் மறைக்காமல் போக வேண்டும். சரவாக்கில் 2017 முதல் வெறிநோய் பரவலைச் சந்தித்து வருகிறோம். நாய்தான் முதன்மையாகப் பரப்புகிறது என்றாலும் பூனைக் கடியிலும் அது வரலாம். அறிகுறி தோன்றிய பின் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை, அதற்கு முன் தடுப்பூசி போட்டால் தடுத்துவிடலாம். இன்னொன்று, பூனையின் மூக்கிலோ காதிலோ ஆறாத புண் இருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். ஸ்போரோத்ரிக்ஸ் என்ற பூஞ்சை அப்படிப் புண் உள்ள பூனைகளின் கீறல், கடி வழியாக மனிதருக்கு வருவது மலேசியாவில் பதிவாகியிருக்கிறது. படர்தாமரையும் தெள்ளுப்பூச்சியும் வரும். அவை தொல்லை, ஆபத்தில்லை.

மக்சிக்கோடு எனக்கு ஒரு விஷயத்தில் கருத்து வேறுபாடு. அவர் தினமும் சோறு வைக்கிறார். நல்ல மனம். ஆனால் கருத்தடை செய்யாமல் உணவு மட்டும் வைப்பது அடுத்த ஈட்டுக்கு அழைப்பு என்பது என் வாதம். இதில் நம் நாட்டின் இருப்பிடமே ஒரு காரணம். பூனையின் இனப்பெருக்கத்தைப் பகலின் நீளம் கட்டுப்படுத்துகிறது. இருட்டில் பினியல் சுரப்பி மெலடோனினைச் சுரக்கிறது. குளிர்நாடுகளில் நீண்ட இரவுகள் வரும்போது அது கூடி, பெண் பூனையின் சூலகம் ஓய்வெடுக்கிறது. அங்கே குட்டிகளுக்கென்று ஒரு பருவம் உண்டு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் நமக்கு ஆண்டு முழுதும் பகல் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். ஓய்வே கிடையாது. நான்கு ஐந்து மாதத்திலேயே பெண் குட்டி சினையாகலாம். சினைக்காலம் ஒன்பது வாரம்தான்.

ஒரு சோடிப் பூனை ஏழு ஆண்டில் 4,20,000 பூனையாகும் என்று ஒரு சுவரொட்டிக் கணக்கு சுற்றுகிறது. அதை நம்பிவிடாதீர்கள், பெருக்கல் சரி, உயிரியல் தவறு. எல்லாக் குட்டியும் பிழைக்கும் என்று அது எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவின் வட கரோலினாவில் தெருப்பூனைகளைக் கண்காணித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், 169 குட்டிகளில் 127 ஆறு மாதத்துக்குள் இறந்தன அல்லது காணாமல் போயின. நான்கில் மூன்று. கருத்தடைக்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. பிறப்பது கோடிக்கணக்கில் பெருகும் என்பதைவிட, பிறப்பதில் பெரும்பகுதி சாகும் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

ஆகவே குட்டியை வீட்டுக்குக் கொண்டுபோக நினைக்கும் மாணவருக்கு நான் கேட்பவை கடுமையாக இருக்கும். அம்மா அப்பா சம்மதித்தார்களா? எட்டு வாரத்திலிருந்து தடுப்பூசி, பிறகு கருத்தடை, இதற்கெல்லாம் பணம் தரப்போவது யார்? மிளகின் கருத்தடைக்கு எங்கள் வீட்டு மின்கட்டணத்தைவிட அதிகம் ஆனது. பூனை பதினைந்து ஆண்டு வாழலாம். நீங்கள் எஸ்.பி.எம். எழுதி, பல்கலைக்கழகம் போய், வேலைக்கும் போன பிறகும் அது உயிரோடு இருக்கும். பதில் இல்லையென்றால் குட்டியை எடுக்காதீர்கள், மக்சிக்கைப் போல ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள். எடுத்துவிட்டு ஆறாம் மாதத்தில் சந்தையில் கொண்டுபோய் விடுகிறவர்களை எனக்குத் தெரியும். மீன் கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும் என்பார்கள். மனிதரை நம்பக் கற்றுக்கொண்ட பூனையை மனிதர் நெரிசலில் விடுவது, பழக்காமலே விட்டதைவிட மோசம். 'இப்படிக் கேட்டால் யாருமே காப்பாற்ற மாட்டார்கள் டீச்சர்' என்று ஒருத்தி சொன்னாள். குறைவான பேர் எடுப்பார்கள், உண்மைதான். எடுத்தவர்கள் விடமாட்டார்கள்.

பின்சந்தில் மிஞ்சியிருந்த மிளகின் அண்ணன் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான்கு காலும் வெள்ளை. மிளகை எடுத்த அன்றே அதையும் எடுக்கப் பார்த்தேன், வேலிக்கடியில் நுழைந்துவிட்டது. பொறிக்கூண்டு கிடைத்து அதைப் பிடித்தபோது நான்கு மாதம் ஆகியிருந்தது. கூண்டுக்குள் அது மோதிய வேகத்தில் மூக்குத் தோல் உரிந்தது. மருத்துவர் பார்த்துவிட்டு, "இத வீட்டுக்குள்ள அடைக்காதீங்க, இதுக்கு அது சிறை" என்றார். கருத்தடை செய்து, அடையாளமாக இடது காதின் நுனியை மட்டும் வெட்டி, எடுத்த இடத்திலேயே விட்டோம். தோற்றுப்போனதாக அன்று நினைத்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. சந்தில் எலி குறைந்திருப்பதாக மக்சிக் சொல்கிறார். இதற்கு என்னிடம் தரவு இல்லை.

தாய்ப் பூனையை இன்னும் பிடிக்க முடியவில்லை. இரண்டு முறை கூண்டுக்குள் தலையை மட்டும் விட்டு மீனை இழுத்துக்கொண்டு போய்விட்டது. போன வாரம் வயிறு லேசாகத் தொங்குவது போலத் தெரிந்தது. சனிக்கிழமை மக்சிக்கும் நானும் மூன்றாவது முறை கூண்டு வைக்கிறோம். இந்த முறை மீனைக் கம்பியில் கட்டி வைக்க வேண்டும்.

அந்தப் படிவம் 2 மாணவி இப்போது படிவம் 4. மிளகின் ஓட்டுக் கணக்கை வரைபடமாக வரைந்து கொடுத்தது அவள்தான். தீபாவளியன்று கோடு செங்குத்தாக ஏறும் இடத்தில் சிவப்பு மையால் வட்டமிட்டு, "டீச்சர் முறுக்குச் சுட்ட நாள்" என்று எழுதியிருக்கிறாள்.